கீழே வைக்க விடாத கதை: திரில்லர் நாவல் மூளையில் என்ன செய்கிறது?

லட்சக்கணக்கில் விற்கும் திரில்லர் நாவல்களைப் பற்றி இலக்கியம் படிக்கிறவர்கள் சொல்லும் குறைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. நடை தட்டை, பாத்திரங்களுக்கு உயிர் இல்லை, படித்து ஒரு வாரம் ஆனால் கதாநாயகன் பெயர்கூட ஞாபகம் இருப்பதில்லை. மூன்றும் பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அதே நாவலைக் கையில் வைத்துக்கொண்டு காட்பாடியில் ரயில் ஏறுகிறவருக்கு அரக்கோணம் போனதும் தெரிவதில்லை, பெரம்பூர் வந்ததும் தெரிவதில்லை. நானூறு பக்கத்துக்கு ஒரு மனிதரின் கவனத்தைப் பிடித்து வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அது எப்படி நடக்கிறது என்று பார்த்த பிறகுதான் அந்தப் புகழ் நியாயமா என்று பேச முடியும்.

இந்த விஷயத்தில் வட ஆற்காட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமையும் உண்டு. தமிழில் துப்பறியும் நாவலைப் பரப்பிய முன்னோடிகளில் ஒருவர் ஆரணி குப்புசாமி முதலியார். ஆரணி இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருந்தாலும் பழைய வட ஆற்காட்டு ஊர்தான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் ஆங்கில மர்மக் கதைகளைத் தழுவித் தமிழில் எழுதிக் குவித்தார். ஆட்களின் பெயர் மாறியது, ஊர் மாறியது, உடையும் பேச்சும் மாறின. அப்படியும் கதை ஓடியது. இத்தனையும் மாறிய பிறகும் வாசகரை இழுத்துக்கொண்டு போன ஏதோ ஒன்று உள்ளே மிச்சமிருந்திருக்க வேண்டும் அல்லவா?

அதற்கு ஒரு நல்ல விளக்கத்தை 1994-இல் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் கொடுத்தார். நமக்குத் தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருப்பதை உணரும்போதுதான் ஆர்வம் பிறக்கிறது என்பது அவர் வாதம். சுத்தமாக எதுவும் தெரியாத விஷயத்தில் நமக்கு ஆர்வம் வராது. எல்லாம் தெரிந்த விஷயத்திலும் வராது. பாதி தெரிந்திருக்க வேண்டும். 2009-இல் கால்டெக் என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மூளையைப் படம்பிடிக்கும் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் ஆட்களைப் படுக்கவைத்துப் பொது அறிவுக் கேள்விகளைக் காட்டினார்கள். ஆர்வம் அதிகமாக இருந்த கேள்விகளின்போது காடேட் என்ற பகுதி சுறுசுறுப்பானது. பரிசு கிடைக்கப்போகிறது என்ற எதிர்பார்ப்பிலும் வேலை செய்கிற பகுதி அது. பதில் ஓரளவு தெரியும், ஆனால் நிச்சயமில்லை என்று இருந்தவர்களுக்கே ஆர்வம் உச்சத்தில் இருந்தது. பதிலைப் பார்ப்பதற்காகக் கூடுதல் நேரம் காத்திருக்கவும் அவர்கள் தயாராக இருந்தார்கள்.

நாவலில் இது எப்படி நடக்கிறது என்று கிட்டப்போய்ப் பார்ப்போம். வேலூர் பாபுராவ் தெருவில் ஒரு லாட்ஜ் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இப்படி எழுதலாம்: "சண்முகம் பையைத் திறந்தான். உள்ளே அண்ணனுடைய கைக்கடிகாரம் இருந்தது." இன்னொருவர் இப்படி எழுதலாம்: "சண்முகம் பையைத் திறந்தான். உள்ளே இருந்ததைப் பார்த்தான். எழுந்து போய்க் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து மறுபடியும் பார்த்தான்."

இரண்டாவதில் பொருளின் பெயர் இல்லை. ஆனாலும் வாசகருக்குக் கிடைக்கிற தகவல் அதிகம். பைக்குள் அடங்குகிற பொருள். மற்றவர்கள் பார்க்கக் கூடாத பொருள். வெளியே யாராவது வரக்கூடும் என்று அவன் நினைக்கிறான். "மறுபடியும் பார்த்தான்" என்றதும், அது அவனுக்கு முன்பே தெரிந்த பொருளோ என்ற சந்தேகமும் வந்துவிடுகிறது. வாசகர் இப்போது பணம், துப்பாக்கி, கடிதம் என்று தானாகவே ஊகிக்கத் தொடங்கியிருப்பார். எதை மறைத்தார் என்பதைவிட, மறைத்ததைச் சுற்றி எவ்வளவு கொடுத்தார் என்பதில்தான் எழுத்தாளரின் கைவரிசை தெரிகிறது. மோசமான திரில்லர் எதையும் கொடுக்காமல் வெறுமனே மறைக்கும். "அவன் கண்ட காட்சி அவனை அதிரவைத்தது" என்று அத்தியாயத்தை முடித்துவிடும். அங்கே நமக்கு ஊகிக்க ஒன்றுமே இல்லை.

பையில் இருந்தது கடிகாரம் என்று அடுத்த அத்தியாயத்தில் சொல்லும்போது, அண்ணனை எரித்தபோது அது அவன் கையில்தானே இருந்தது என்ற புதிய கேள்வி தயாராக இருக்க வேண்டும். ஒன்றை மூடுவதற்கு முன் இன்னொன்றைத் திறப்பது இந்தத் தொழிலின் அடிப்படை. 1920-களில் பெர்லினில் குர்ட் லெவின் என்ற உளவியலாளரின் மாணவிகள் இருவர் இதை ஒட்டிய ஆய்வுகளைச் செய்தார்கள். பாதியில் நின்ற வேலை முடித்த வேலையைவிட நன்றாக நினைவில் நிற்கும் என்றார் புளூமா ஸைகார்னிக். பின்னால் செய்த சோதனைகளில் அது எப்போதும் கைகொடுக்கவில்லை. பாதியில் நிறுத்திய வேலைக்கு ஆட்கள் தாங்களாகவே திரும்பப் போகிறார்கள் என்று மரியா ஓவ்சியான்கினா கண்டது அதைவிட உறுதியாக நிற்கிறது. இரவு பதினொன்றுக்கு "இன்னும் ஒரே ஒரு அத்தியாயம்" என்று உட்காருவது இந்த வகைதான்.

இன்னொரு விஷயம், சொல்லும் வரிசை. 1982-இல் வில்லியம் புரூவர், எட்வர்ட் லிக்டன்ஸ்டைன் என்ற இருவர், ஒரே சம்பவத்தை வரிசை மாற்றிச் சொன்னால் வேறு வேறு உணர்ச்சிகள் வரும் என்று விளக்கினார்கள். நம் லாட்ஜுக்கே திரும்புவோம். சண்முகம் பையைக் குடைந்துகொண்டிருக்கும்போது, பைக்குச் சொந்தக்காரன் மாடிப்படி ஏறுவதை நமக்கு மட்டும் காட்டினால் பதைப்பு. சண்முகம் செத்துக் கிடக்கிறான், பையைக் காணோம் என்று தொடங்கினால், என்ன நடந்திருக்கும் என்ற ஆர்வம். அது அவன் அறையே இல்லை என்பதைக் கடைசிவரை சொல்லாமல் வைத்திருந்து போட்டு உடைத்தால் வியப்பு. வியப்பு ஒரு நொடியில் தீர்ந்துவிடும். பதைப்பைப் பத்துப் பக்கத்துக்கு இழுக்கலாம். அதனால்தான் கைதேர்ந்தவர்கள் திருப்பங்களை அளந்து வைக்கிறார்கள்.

சரி, தட்டையான நடை? இதில் எனக்கு மற்றவர்களோடு கொஞ்சம் கருத்து வேறுபாடு உண்டு. படிக்கும்போது நம் கண் வழுக்கிக்கொண்டே போவதில்லை. தாவித் தாவிப் போகிறது, ஒவ்வோர் இடத்திலும் சுமார் கால் நொடி நிற்கிறது. அடுத்து வரப்போகிற சொல்லை எளிதில் ஊகிக்க முடிந்தால் அங்கே குறைந்த நேரம் நிற்கும், சில நேரம் அந்தச் சொல்லை அப்படியே தாண்டிவிடும் என்பது கண் அசைவு ஆய்வுகளில் பலமுறை உறுதியானது. "நெஞ்சு படபடத்தது" என்பதில் "நெஞ்சு" வந்ததுமே மீதி வந்துவிடுகிறது. பழகிய தொடர்களால் ஆன பக்கம் வேகமாக நகரும். யார் எங்கே இருந்தார்கள், சாவி யாரிடம் போனது என்று குறிப்புகளைச் சேர்த்துவைக்க மூளைக்கு இடமும் கிடைக்கும். அந்த எளிமை கதைக்குத் தேவையான எளிமை. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. எந்த வாக்கியத்திலும் கண் நிற்கவில்லை என்றால், திரும்ப வந்து படிக்கவும் அங்கே எந்த வாக்கியமும் இருக்காது.

இலக்கியக் கதை படித்தால் அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்ளும் திறன் உடனே கூடுகிறது என்று 2013-இல் வந்த ஓர் ஆய்வு ரொம்பப் பேசப்பட்டது. பிறகு மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அது சரியாக நிற்கவில்லை. அதை வைத்துத் திரில்லரை மட்டம் தட்டுவது நியாயமில்லை.

திரில்லர் தருகிற உண்மையான பலனை வேலூரில் தினமும் பார்க்கலாம். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து, பரிசோதனை முடிவுக்காக நாள்கணக்கில் காத்திருக்கிறவர்களும் அவர்களுக்குத் துணையாக வந்தவர்களும் நிறைந்த ஊர் இது. நேரத்தையே கவனித்துக்கொண்டிருந்தால் நேரம் நீளும், கவனம் வேறொன்றில் இருந்தால் சுருங்கும் என்பது உளவியலில் நன்கு தெரிந்த ஒன்று. 2015-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதைப்பான திரைப்படக் காட்சிகளைக் காட்டி, திரையின் ஓரங்களில் கட்டம் போட்ட வடிவங்களை மின்னவைத்தார்கள். பதைப்பு ஏற ஏற, ஓரத்துக் காட்சிகளைப் பார்த்துக்கொள்ளும் மூளைப் பகுதி அடங்கி, நடுவே நடப்பதைக் கவனிக்கும் பகுதி மும்முரமானது. அது சினிமாவில் செய்த சோதனை. புத்தகத்திலும் இப்படித்தான் என்று உறுதியாகச் சொல்ல அது போதாது. ஆனால் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் கவலையை நாற்பது நிமிடம் தள்ளிவைக்கிற புத்தகத்தை மட்டமானது என்று சொல்ல எனக்கு மனம் வராது.

முடிவு தெரிந்தால் சுவை போய்விடுமா என்பதில் ஆய்வுகளுக்குள்ளேயே சண்டை. முடிவை முன்கூட்டியே சொன்ன சிறுகதைகளுக்கு வாசகர்கள் கூடுதல் மதிப்பெண் போட்டார்கள் என்றது 2011-இல் சான் டியேகோவில் நடந்த ஆய்வு. பின்னால் வந்த சில ஆய்வுகள் நேர் எதிராகச் சொன்னன.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு திரில்லர் ஏன் பிடிக்கிறது என்பதற்கு. ஒரே மாதிரி கைவரிசை உள்ள பத்து நாவல்களில் ஒன்று மட்டும் ஏன் லட்சக்கணக்கில் போகிறது என்பது வேறு கேள்வி. 2006-இல் சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் வெளியிட்ட ஆய்வு அதற்கு வெளிச்சம் தருகிறது. பிரபலமில்லாத இசைக்குழுக்களின் 48 பாட்டுகள், கேட்டுப் பார்த்துப் பதிவிறக்க 14,000-க்கு மேற்பட்ட ஆட்கள். ஒரு பகுதியினர் தாங்களாகவே தேர்ந்தெடுத்தார்கள். மற்றவர்களை எட்டுத் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்து, அந்தந்தக் குழுவில் எந்தப் பாட்டு எத்தனை முறை இறங்கியது என்று காட்டினார்கள். தனியாகத் தேர்ந்தவர்களிடம் 26-ஆம் இடம் பிடித்த ஒரு பாட்டு, ஒரு குழுவில் முதலிடம், இன்னொன்றில் 40-ஆம் இடம். ரொம்ப நல்ல பாட்டுகள் பெரும்பாலும் கீழே போகவில்லை, ரொம்ப மோசமானவை மேலே வரவில்லை. நடுவில் இருந்தவற்றுக்கு எதுவும் நடக்கலாம் என்ற நிலை. ஆக, ஒரு நாவலுக்குச் சில ஆயிரம் வாசகர்களை அதன் எழுத்து சம்பாதிக்கிறது. அதற்கு மேலே உள்ள சுழியங்களில் பெரும்பங்கு கூட்டத்தைப் பார்த்துச் சேர்ந்த கூட்டம்.

2013 ஏப்ரலில் ராபர்ட் கால்பிரெய்த் என்ற பெயரில் ஒரு துப்பறியும் நாவல் பிரிட்டனில் வந்தது. விமர்சனங்கள் நன்றாகவே இருந்தன. கெட்டி அட்டைப் பதிப்பில் சுமார் 1,500 பிரதிகள் விற்றன. ஜூலையில், எழுதியது ஹாரி பாட்டர் கதைகளின் ஆசிரியர் ஜே.கே. ரவுலிங் என்ற செய்தி வெளியானதும் அது விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. உள்ளே ஒரு வரியும் மாறவில்லை. ஏப்ரலிலேயே அது நல்ல நாவல்தான். அதற்கு நிகராக எழுதப்பட்டு, 1,500 பிரதியோடு நின்றுபோன நாவல்கள் எல்லா மொழியிலும் இருக்கும், தமிழிலும் இருக்கும். எனக்கு வருத்தம் எல்லாம் அவற்றை எழுதியவர்களை நினைத்துத்தான்.