கார்டு கேட்டால், எதுக்கு என்று கேளுங்கள்

கேரளத்தில் மூணாறு, தேவிகுளம் பக்கம் வக்கீல் தொழில் பார்க்கிற என்னிடம் வருகிற தேயிலை எஸ்டேட் தொழிலாளர்கள் கையில் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். அதற்குள் ரேஷன் கார்டு, வோட்டர் ஐடி, பி.எஃப். சீட்டு, கூடவே ஆதார் ஜெராக்ஸ் ஒரு கட்டு. எதற்கு இத்தனை என்றால், “எங்க போனாலும் கேக்கறாங்க சார், ஒவ்வொரு வாட்டியும் கடைக்கு ஓட முடியுமா” என்பார்கள். கேட்கிறவர் யார், அவருக்குக் கேட்க உரிமை உண்டா, வாங்கியதை என்ன செய்வார் என்பதெல்லாம் யாருக்கும் தோன்றுவதே இல்லை. எனக்குக் கவலையே அதுதான்.

முதல் ஆதார் எண் கொடுக்கப்பட்டது 2010 செப்டம்பரில், மகாராஷ்டிராவில் தெம்பிலி என்ற கிராமத்தில். அதற்கான சட்டம் வந்தது 2016இல். நடுவில் இருந்த அத்தனை வருஷமும் கோடிக்கணக்கானவர்களின் விரல் ரேகையும் கருவிழியும் நாடாளுமன்றம் போட்ட சட்டம் எதுவும் இல்லாமலேயே எடுத்து வைக்கப்பட்டன. வந்த சட்டமும் 3ஆம் பிரிவில் ஆதாரை இங்கே வசிக்கிறவரின் உரிமை என்றுதான் சொல்கிறது. கடமை என்று எங்கேயும் சொல்லவில்லை. 7ஆம் பிரிவுதான் அரசு மானியத்துக்கும் சலுகைக்கும் ஆதாரைக் கேட்கலாம் என்கிறது, எண் இன்னும் கிடைக்காதவருக்கு வேறு வழியில் அடையாளம் காட்ட வாய்ப்பு தர வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. இந்த இரண்டாவது பாதியைக் கவுன்டரில் யாரும் சொல்வதில்லை.

கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012இல் போட்ட வழக்கில்தான் இதெல்லாம் அலசப்பட்டது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2018 செப்டம்பர் 26 அன்று ஐந்து பேர் அமர்வு, நாலுக்கு ஒன்று என்ற கணக்கில், ஆதார் செல்லும் என்று சொன்னது. ஆனால் எல்லை போட்டுச் சொன்னது. மானியத்துக்குக் கேட்கலாம், பான் கார்டோடு இணைக்கச் சொல்லலாம். சிம் கார்டுக்கும் பேங்க் கணக்குக்கும் கட்டாயப்படுத்தக் கூடாது. பள்ளிக்கூடச் சேர்க்கைக்கும் கூடாது. தனியார் கம்பெனிகள் அவர்கள் பாட்டுக்குக் கேட்பதற்கு இருந்த வழி அடைக்கப்பட்டது. 2019 திருத்தத்தில் பேங்கும் போன் கம்பெனியும் நாம் விருப்பப்பட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள். ஆனால் அதே திருத்தம், ஆதார் சரிபார்ப்புக்கு ஒத்துக்கொள்ளாததாலோ, விரல் பதியாததாலோ சேவையை மறுக்கக் கூடாது என்றும், வேறு என்ன ஆவணம் காட்டலாம் என்பதை அவர்களே நமக்குச் சொல்ல வேண்டும் என்றும் எழுதி வைத்திருக்கிறது. சிம் வாங்கப் போனால் “வேற எந்த ஐடி எடுத்துப்பீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல வேண்டியது அவர்கள் பொறுப்பு.

சரி, ஜெராக்ஸுக்கு வருவோம். சீசன் நேரத்தில் மூணாறில் ரூம் எடுக்கிற குடும்பத்தில் ஒவ்வொருவரிடமும் ஆதார் நகல் வாங்குகிறார்கள். தங்குகிறவர் யார் என்று பதிவேட்டில் எழுத வேண்டியது உண்மை. அதற்கு டிரைவிங் லைசென்ஸோ வோட்டர் ஐடியோ போதும். வாங்கிய நகலெல்லாம் வரவேற்பறை மேஜைக்கடியில் அட்டைப் பெட்டியில் கிடக்கும், பெட்டி நிறைந்தால் பழைய பேப்பர்க்காரனுக்குப் போகும். போன மழைக்காலத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில் வடை வாங்கினேன். எண்ணெய் ஊறிய காகிதத்தைப் பிரித்தால் உள்ளே ஒரு பெண்ணின் படம், பன்னிரண்டு இலக்க எண், பொள்ளாச்சி முகவரி, கீழே அவர் கையெழுத்து. “ஒரிஜினலைப் பார்த்துச் சரிபார்க்கப்பட்டது” என்ற ரப்பர் ஸ்டாம்பும் இருந்தது. கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் கிலோ கணக்கில் வாங்கிய தாள் அது. கிழித்துப் போட்டுவிட்டு வந்தேன், அந்தப் பெண்ணுக்கு இது தெரியவே தெரியாது என்ற நினைப்பு மட்டும் நாள் முழுக்க இருந்தது. 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகமே, ஆணையத்தின் உரிமம் இல்லாத ஹோட்டலும் சினிமா தியேட்டரும் நகல் வாங்கி வைக்க முடியாது, முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவிப்பு விட்டது. தப்பாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று இரண்டே நாளில் அதை வாபஸ் வாங்கினார்கள். என்னைக் கேட்டால் அந்த அறிவிப்பு ஒவ்வொரு ஜெராக்ஸ் கடை வாசலிலும் இருந்திருக்க வேண்டும். மறைத்த ஆதார் இப்போதும் ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கிறது. போனில் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

நகல் வெளியே போனால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்கள் உண்டு. கைநாட்டு மிஷினில் பணம் எடுக்கிறோமே, அதற்குத் தேவை பேங்க் பெயர், ஆதார் எண், விரல் ரேகை, அவ்வளவுதான். ஓடிபி கிடையாது. எண் ஜெராக்ஸில் இருக்கிறது. ரேகை நிலப் பத்திரத்தில் இருக்கிறது. பத்திரத்தில் இருந்து ரேகையைப் பிரதி எடுத்து ரப்பரில் செய்த போலி விரலால் மோசடி செய்தவர்களை ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் போலீஸ் பிடித்திருக்கிறது. பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம், விரலை எப்படி மாற்றுவது? அதனால்தான் விரல் ரேகையை லாக் செய்து வையுங்கள் என்கிறேன், ஆதார் ஆப்பிலேயே அந்த வசதி இருக்கிறது. ஆனால் ஒன்று: லாக் செய்தால் ரேஷன் கடை மிஷினும் விரலை ஏற்காது, போகும்முன் தற்காலிகமாகத் திறந்துவிட்டுப் போக வேண்டும். கடந்த ஆறு மாதத்தில் உங்கள் எண் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும் இணையதளத்தில் கிடைக்கும். படித்த பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களுக்கு மாசம் ஒருமுறை அதைப் பார்த்துச் சொல்லலாம்.

விரல் என்றதும் ரேஷன் கடை வரிசைதான் கண்ணில் வருகிறது. முப்பது நாற்பது வருஷம் கொழுந்து எடுத்த கை அது. கறை ஏறிக் கறுத்து, வெடித்து, ரேகை தேய்ந்து போயிருக்கும். பாட்டி பெருவிரலைச் சேலைத் தலைப்பில் துடைத்து வைப்பார், சிவப்பு விளக்கு. மோதிர விரல், சிவப்பு. தண்ணீர் தொட்டுத் துடைத்து இடது கை, மறுபடியும் சிவப்பு. “ஓடிபி போடலாம், நம்பர் யாருது?” என்று கடைக்காரர் கேட்பார். நம்பர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிப்டில் இருக்கிற மகனுடையது, அவன் போனை எடுக்க மாட்டான். “நாளைக்கு வாங்கம்மா” என்பார், அவரும் நல்ல மனுஷன்தான், பின்னால் வரிசை நிற்கிறதே. நாளைக்கு வர ஜீப்புக்குக் காசு வேண்டும். சட்டப்படி இந்தப் பாட்டிக்கு அரிசி மறுக்கப்படக் கூடாது. மறுக்கப்பட்டதாக எந்தப் பதிவிலும் இருக்காது, ஏனென்றால் யாரும் மறுக்கவில்லை, மிஷின் ஏற்கவில்லை, அவ்வளவுதான். இதைத்தான் நான் பயப்படுகிறேன். ஆள் சொன்ன ‘இல்லை’க்கு மேல்முறையீடு உண்டு, மிஷின் சொன்ன ‘இல்லை’க்கு யாரிடம் போவது?

பி.எஃப். பணத்திலும் இதே கதை. எஸ்டேட் செக்ரோலில், அதாவது ஆள் பெயர்ப் பதிவேட்டில், பேச்சி; பி.எஃப். கணக்கில் பேச்சியம்மா, ஆதாரில் இனிஷியலை விரித்து பேச்சியம்மாள் மாடசாமி. மூன்றும் ஒரே ஆள் என்று லயத்தில், அதாவது எஸ்டேட் லைன் வீடுகளில், எல்லோருக்கும் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பிறந்த தேதி கேட்கவே வேண்டாம், சர்டிபிகேட் இல்லாதவர்களுக்கெல்லாம் ஜனவரி ஒன்று. 2024 ஜனவரியில் பி.எஃப். நிறுவனமே பிறந்த தேதிக்கு ஆதாரை ஆதாரமாக எடுக்க மாட்டோம் என்றது. அதே வருஷம் அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் ஒரு விபத்து நஷ்டஈட்டு வழக்கில் வயதுக்கு ஆதாரை ஏற்க முடியாது என்றது. குடியுரிமைக்கு அது சான்று இல்லை என்று சட்டத்தின் 9ஆம் பிரிவே சொல்கிறது. இத்தனை விஷயத்துக்குச் சான்றாகாத ஒன்றை எல்லா இடத்திலும் முதல் சான்றாகக் கேட்பது நியாயமா?

இங்கே இருக்கிற தமிழர்களுக்கு இது இன்னும் கூடுதல் வலி. பட்டியல் சாதிச் சான்றிதழ் வேண்டுமென்றால், 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே குடும்பம் கேரளத்துப் பகுதியில் இருந்தது என்று காட்டச் சொல்கிறார்கள். தாத்தா பெயர் பழைய செக்ரோலில் இருந்தால் தப்பித்தோம். நீ யார், எங்கிருந்து வந்தாய் என்று மூன்று தலைமுறையாகப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிற ஜனம் என்பதால்தான், யாராவது கார்டு என்றதும் எதிர்க் கேள்வி கேட்காமல் நீட்டுகிறது.

எதிர்த்தரப்பு சொல்வதிலும் உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். மாநில எல்லையான போடிமெட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ரேஷன் கார்டு, தேனியில் ஒன்று, இரண்டு பக்கமும் ஓட்டு என்று இருந்தவர்கள் உண்டு. திருப்பூரில் வேலை பார்க்கிறவர் அங்கேயே அரிசி வாங்க முடிவது ஆதாரால்தான். 2020 ஆகஸ்டில் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் நிலச்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது வீட்டில் இருந்த காகிதமெல்லாம் சேர்ந்து போனது. அப்படி எல்லாம் இழந்தவருக்கு எங்கேயோ பத்திரமாக ஓர் அடையாளம் இருப்பது சின்ன விஷயமில்லை. அதனால் அடையாள எண்ணே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு காரியத்துக்கு என்று வாங்கியதை ஒன்பது காரியத்துக்கு நீட்டுவதைத்தான் எதிர்க்கிறேன். இங்கிலாந்தில் 1939இல் யுத்தத்துக்கு என்று கொண்டுவந்த அடையாள அட்டையை, யுத்தம் முடிந்த பிறகும் சாதாரணமாக வண்டி ஓட்டிப் போகிறவரிடம் போலீஸ் கேட்டது. கிளாரன்ஸ் வில்காக் என்பவர் காட்ட முடியாது என்றார். 1951இல் வழக்கில் அவர் தோற்றார். ஆனால் ஒரு காரியத்துக்குப் போட்ட சட்டத்தை வேறு காரியத்துக்கு இழுப்பதை நீதிபதிகள் கண்டித்தார்கள், மறு வருஷமே அட்டை போனது. 2006இல் மறுபடி சட்டம் போட்டு, 2010இல் அதையும் ரத்து செய்தார்கள்.

பள்ளிக்கூட விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜூன் பிறந்தால் ஹெட்மாஸ்டர்கள் ஆதார் ஆதார் என்று நெருக்குவார்கள். ஆசிரியர் பணியிடக் கணக்கை ஆதார் உள்ள பிள்ளைகளை வைத்துப் போடுவதால் அவர்களுக்கும் நெருக்கடி. ஆனால் அந்தக் காரணத்துக்காகப் பிள்ளையைச் சேர்க்காமல் திருப்பி அனுப்ப முடியாது. சின்ன வயதில் எடுத்த ஆதார் வேண்டாம் என்றால், பதினெட்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் ரத்து செய்யக் கேட்கவும் வழி இருக்கிறது. ரேஷன் கடையோ, பள்ளியோ, ஆபீஸோ, ஆதார் இல்லை என்று திருப்பினால் “அதை எழுதிக் கொடுங்க” என்று கேளுங்கள். எழுதித் தர மாட்டார்கள், பாதி இடத்தில் அந்தக் கேள்விக்கே வேலை நடந்துவிடும். நடக்காவிட்டால் தேதி, நேரம், யார் சொன்னது என்று குறித்துக்கொண்டு தாலுகா லீகல் சர்வீசஸ் கமிட்டிக்குப் போங்கள். பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் வக்கீல் வைத்துத் தருவார்கள், கட்டணம் கிடையாது. உங்கள் தகவலை யாராவது தப்பாகப் பயன்படுத்தினால், முன்பு ஆணையம் மட்டும்தான் வழக்குப் போட முடியும், 2019க்குப் பிறகு நீங்களே நேரடியாகப் புகார் கொடுக்கலாம்.