புகை அடித்த பிறகு குறைந்தால், புகையால் குறைந்ததா?

மாரி முடியும் கையோடு திருகோணமலையில் டெங்கு கூடும். 2017இன் முதல் மாதங்களில் கிண்ணியா பட்ட பாட்டை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த வருடம் நாடு முழுவதும் பதிவான நோயாளர் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேல். நோய் கூடியதும் தெருத்தெருவாகப் புகை அடிப்பார்கள், சில வாரங்களில் காய்ச்சல் தணியும். "புகை வேலை செய்தது" என்று கூட்டக் குறிப்பில் ஏறிவிடும். அடுத்த வருடமும் காசு அதற்கே போகும்.

இந்தக் கணக்கில் பெரிய ஓட்டை உண்டு. புகை அடிப்பது நோய் உச்சத்தில் நிற்கும்போது. உச்சத்துக்குப் பிறகு எப்படியும் இறக்கம்தான். மழை ஓய்ந்து தேங்கிய நீர் வற்றுகிறது, காய்ச்சல் கண்டவர்களுக்கு அந்த வைரஸ் வகைக்கு எதிர்ப்பும் வந்துவிடுகிறது. ஆகவே முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று பார்ப்பது போதாது. செய்த ஊரையும் செய்யாத ஊரையும் ஒரே காலத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆய்வுகளைத் திரட்டி 2010இலும் 2016இலும் வெளியான மீளாய்வுகள், வெளியில் அடிக்கும் புகை டெங்குப் பரவலைக் குறைக்கிறது என்பதற்கு உறுதியான சான்றைக் காணவில்லை. நுளம்பின் குணம் தெரிந்தவர்களுக்கு இது வியப்பல்ல. டெங்கைப் பரப்பும் ஈடிஸ் ஈஜிப்தி நுளம்பு வீட்டுக்குள், கட்டிலடியிலும் தொங்கும் உடுப்புகளிலும் ஒதுங்கியிருக்கும். தெருப்புகை அங்கே சரியாகப் போகாது. போனாலும் தொட்டியில் கிடக்கும் கூட்டுப்புழு சாகாது, இரண்டு நாளில் நுளம்பாகிப் பறக்கும்.

நிகரகுவாவிலும் மெக்சிக்கோவிலும் 150 குடியிருப்புப் பகுதிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதியில் மக்களே கூடி நுளம்பு பெருகும் இடங்களை அகற்றினார்கள். அந்தப் பகுதிப் பிள்ளைகளிடம் தொற்று ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. ஆனால் அங்கத்தைய தண்ணீர்ப் பீப்பாய் வேறு, நம் வளவுக் கிணறும் சீமெந்துத் தொட்டியும் வேறு. அந்த 30ஐ அப்படியே இங்கே எழுதிவைக்கக் கூடாது, நம்மூரில் சோதிக்கத்தான் வேண்டும்.

சோதிக்கும் வழி இது. மாவட்டத்தில் 230 கிராம உத்தியோகத்தர் பிரிவுகள் உள்ளன. திருகோணமலை பட்டினமும் சூழலும், கிண்ணியா ஆகிய இரு பிரதேச செயலகங்களில் 20 பிரிவுகளை எடுத்து, கடந்த மூன்று வருட நோயாளர் தொகையில் ஒத்தவற்றைச் சோடி சேர்க்கவும். ஒவ்வொரு சோடியிலும் நுளம்பு பெருகும் இடங்களை ஒழிக்கும் வேலை எந்தப் பிரிவில் முதலில் என்பதைத் திருவுளச்சீட்டுத் தீர்மானிக்கட்டும். அதிகாரி தெரிவு செய்தால் நோய் மிகக் கூடிய இடத்தையே எடுப்பார். அது தானாக இறங்கும், பெருமை திட்டத்துக்குப் போகும். மற்றப் பத்துப் பிரிவுகளுக்கும் மூன்று மாதத்தில் அதே வேலை வரும். நோயாளர் வீட்டைச் சுற்றிச் செய்யும் அவசர வேலை எங்கும் நிற்காது.

வேலை என்றால் வாராந்தம் தொட்டியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுவது, மூடி போடுவது. இறைக்க முடியாத தொட்டிக்கு நுளம்புப் புழுவைக் கொல்லும் 1 சதவீத டெமிபொஸ் குருணை, 10 லீற்றருக்கு 1 கிராம், 1,000 லீற்றர் தொட்டிக்கு 100 கிராம். கைப்பிடியால் அள்ளிப் போட்டால் அளவு தவறும். தினமும் இறைத்து நிரப்பும் தொட்டியில் மருந்தின் பலன் சீக்கிரம் தேயும்.

எதை எண்ணுவது என்பதில்தான் பல திட்டங்கள் வழுக்குகின்றன. வழக்கமான பிரட்டோ சுட்டெண் 100 வீடுகளில் குடம்பி (நுளம்புப் புழு) உள்ள கொள்கலன்கள் எத்தனை என்று சொல்லும். அதில் சிரட்டையும் ஒன்று, 1,000 லீற்றர் தொட்டியும் ஒன்று. குடம்பிகளில் பல வளருமுன்னே செத்துவிடும், கூட்டுப்புழுவோ பெரும்பாலும் நுளம்பாகும். ஆகவே ஆளொருவருக்கு எத்தனை கூட்டுப்புழு என்று எண்ணுவதே மேல். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும் நாளை முன்கூட்டி அறிவித்தால் அன்று எல்லாத் தொட்டியும் காலியாக இருக்கும். பூட்டிய வீடுகளைத் தவிர்த்துவிட்டால் கணக்குப் பொய்யாகும், திரும்பப் போக வேண்டும். நுளம்பு எல்லை பார்ப்பதில்லை, எனவே பிரிவின் நடுப்பகுதி வீடுகளை மட்டும் எண்ணவும்.

நோயாளர் தொகையில் அவசரம் கூடாது. முட்டை நுளம்பாக 7 முதல் 10 நாள், அது வைரஸைக் கடத்தும் நிலைக்கு வர 8 முதல் 12 நாள், கடி பட்டவருக்குக் காய்ச்சல் வர 4 முதல் 10 நாள். மூன்று வாரத்துக்கு முன் குறைவு தெரிந்தால் அது இந்த வேலையின் பலனாக இருப்பது அரிது. இன்னொன்று: ஒரே பிரிவின் வீடுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். இரு பிரிவுகளில் ஆயிரம் ஆயிரம் வீடுகள் பார்த்தாலும் அது ஒரேயொரு ஒப்பீடுதான். 20 பிரிவுகள் கூட்டுப்புழுக் கணக்குக்குப் போதலாம், நோயாளர் தொகைக்குப் போதாமல் போகலாம்.

முடிவு ஆண்டிறுதி வரவு செலவுத் திட்டத்துக்கு முன் மேசையில் இருக்க வேண்டும், ஒரு பக்கத்தில். எண்ணத் தொடங்குமுன்பே காசை ஒதுக்கும் சபை எழுதிக் கையொப்பமிடட்டும்: கூட்டுப்புழு இவ்வளவு குறைந்தால் புகைக்கான காசில் இத்தனை பங்கு தொட்டி மூடிகளுக்கும் தொழிலாளர் சம்பளத்துக்கும் மாறும், குறையாவிட்டால் மாறாது.