சூரியனைச் சுற்றி வட்டம்: ஏன் எப்போதும் 22 டிகிரி?

2021 மே 24 அன்று பெங்களூரில் சூரியனைச் சுற்றி ஒரு பெரிய ஒளிவட்டம் தெரிந்தது. அந்தப் படத்தை அனுப்பி ஒரு வாசகர் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். இப்படி வட்டம் கட்டினால் ஊருக்கு ஆகாது என்கிறார்களே, உண்மையா? இதை நாமே உண்டாக்கிப் பார்க்க முடியுமா?

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: இல்லை. இரண்டாவதற்கு: முடியும், அதற்கு வேண்டிய பொருள் நாட்டுமருந்துக் கடையிலேயே கிடைக்கும். ஆனால் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

அடிப்படையைப் பள்ளியிலேயே படித்திருப்போம். தரையில் வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் ஆறேழு கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் கடுங்குளிர். அங்கே மெல்லிய திரைபோலப் பரவும் கீற்றுப்படை மேகம் முழுக்கப் பனிப் படிகங்களால் ஆனது. ஒவ்வொன்றும் ஆறு பக்கம் கொண்ட சின்னத் தூண் அல்லது தட்டு. அறுகோணத் தூணில் ஒரு பக்கத்தில் நுழையும் ஒளி, அடுத்த பக்கத்தை விட்டு அதற்கும் அடுத்த பக்கம் வழியாக வெளியேறினால், அதைப் பொறுத்தவரை அந்தப் படிகம் 60 டிகிரி முப்பட்டகம்தான். இந்த விளக்கத்தைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே பிரான்சின் இயற்பியலாளர் மாரியோட் சொல்லிவிட்டார்.

சரி, இங்கேதான் ஒரு புதிர். மேகத்தில் கோடிக்கணக்கான படிகங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில் சாய்ந்து விழுகின்றன. அப்படியானால் ஒளியும் கண்டபடி சிதறி, வானமெங்கும் ஒரு மங்கல் வெளிச்சம்தானே வர வேண்டும்? சூரியனிலிருந்து 22 டிகிரி தள்ளி ஒழுங்கான வட்டம் எப்படி வருகிறது?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பனிக்கட்டியின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதற்கான அளவு, 1.31. கதிர் 20 டிகிரியில் (பக்கத்துக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளந்தால்) படிகத்தின் மேல் பட்டால், மொத்தம் 27.5 டிகிரி திரும்பி வெளியேறும். 30 டிகிரியில் பட்டால் திருப்பம் 23. 35-இல் 22.2. 41-இல் 21.8. அதற்கு மேல் படுகோணத்தைக் கூட்டினால் திருப்பம் மறுபடியும் ஏறத் தொடங்குகிறது: 50-இல் 22.5, 70-இல் 28.7. பக்கத்தை உரசிக்கொண்டு நுழையும் கதிர் 43 டிகிரிக்கு மேலேயே திரும்பிவிடும்.

இந்த எண்களை இன்னொரு முறை பாருங்கள். படுகோணம் 30-இலிருந்து 50 வரை, முழுசாக 20 டிகிரி மாறியும் திருப்பம் ஒன்றேகால் டிகிரிகூட மாறவில்லை. ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்பும் இடத்தில் வேகம் தளர்வதால் அதிக நேரம் அங்கேயே இருப்பதுபோல, கோணம் இறங்கி ஏறும் திருப்புமுனையில் கதிர்கள் குவிகின்றன. படிகம் எப்படிச் சாய்ந்தாலும், கணிசமான ஒளி 22 டிகிரிக்குப் பக்கத்திலேயே வந்து சேர்கிறது. அதற்குக் குறைவாக ஒரு கதிர்கூடத் திரும்ப முடியாது. அதனால்தான் வட்டத்தின் உள்ளே வானம் சற்று இருண்டும், உள்விளிம்பு வெட்டியதுபோலத் தெளிவாகவும், வெளிப்பக்கம் மெல்ல மங்கியும் தெரிகிறது. சிவப்பு கொஞ்சம் குறைவாகத் திரும்புவதால் உள்விளிம்பில் செம்மை படியும். வானவில்லின் 42 டிகிரிக்கும் இதே குவிதல்தான் காரணம்.

பிளஸ் டூ செய்முறையில் நிறமாலைமானியை வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் அளக்கிறார்களே, சிறும திசைமாற்றக் கோணம், அது இதேதான். மார்க்குக்காக அளந்து, எழுதி, மூடி வைத்துவிடுகிறோம். வட்டம் கட்டிய ஒரு நாளில் வகுப்பையே மைதானத்துக்கு அழைத்துப் போய், சூரியனைக் கட்டடத்தின் பின்னால் மறைத்துக்கொண்டு, கையை நீட்டி விரல்களை விரிக்கச் சொல்ல வேண்டும். கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் இடையில் ஏறத்தாழ 20 டிகிரி. வட்டத்தின் ஆரம் கைக்குள் அடங்கிவிடும். இதற்கு எந்த நிதி ஒதுக்கீடும் தேவையில்லை.

சகுனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "அகல் வட்டம் பகல் மழை" என்று நம் விவசாயிகள் சொன்னதை நான் மூடநம்பிக்கையில் சேர்க்க மாட்டேன். புயலின், பெரிய இடிமழை மேகங்களின் உச்சியிலிருந்து இந்தப் பனித்திரை வெகுதூரம் விரிவதுண்டு. எல்லா வட்டமும் மழையைக் கொண்டுவராது என்றாலும், அந்தச் சொலவடை வானத்தைப் பார்த்துப் பார்த்து வந்தது. ஊருக்குக் கேடு என்பதற்கு அப்படி எந்த ஆதாரமும் இல்லை. படிகத்துக்கு நம் ஊர் எதுவென்றே தெரியாது.

இப்போது இரண்டாவது கேள்வி. கலைடாஸ்கோப்பைக் கண்டுபிடித்த ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர் சொன்ன வழி எளிது. திருஷ்டிக்காக வாசலில் கட்டுகிறோமே, அதே படிகாரம் போதும். வெந்நீரில் இனி கரையாது என்னும் அளவுக்குக் கரைத்து, சுத்தமான கண்ணாடித் துண்டில் மிக மெல்லியதாகப் பரப்பி, சீக்கிரம் காய விடுங்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சின்னப் படிகங்கள் படியும். தடித்த வெள்ளை ஏடாகக் காய்ந்துவிட்டால் கழுவிவிட்டு மறுபடி பூசுங்கள். அப்புறம் இருட்டறையில் கண்ணாடியைக் கண்ணுக்கு அருகில் பிடித்து, தூரத்தில் இருக்கும் மெழுகுவர்த்தியையோ சிறிய எல்இடி விளக்கையோ பாருங்கள். சூரியனை மட்டும் இதன் வழியாகப் பார்க்கவே கூடாது. விளக்கைச் சுற்றி ஒன்றுக்கு மேற்பட்ட வட்டங்கள் தெரியலாம். புரூஸ்டர் மூன்றைக் குறிப்பிடுகிறார்.

ஆனால் அவை 22 டிகிரி வட்டங்களாக இருக்காது. படிகாரம் எண்முகப் படிகம். அதன் பக்கங்களுக்கு இடையிலான கோணங்களும் வேறு, ஒளிவிலகல் எண்ணும் வேறு. 1889-இல் பிரான்சின் இயற்பியலாளர் கோர்னு, நிறைவுற்ற படிகாரக் கரைசலில் ஆல்கஹாலைச் சேர்த்து, நீருக்குள்ளேயே படிகங்கள் மிதக்கும்படி செய்து வட்டம் வரவழைத்தார். படிகத்துக்கு வெளியே காற்றுக்குப் பதில் நீர் இருப்பதால் ஒளி அவ்வளவாகத் திரும்புவதில்லை, வட்டமும் சிறியதாகிவிடுகிறது.

அசல் அளவே வேண்டுமென்றால் பனிப் படிகமே வேண்டும். பின்லாந்தின் பனிச்சறுக்குத் திடல்களில் செயற்கைப் பனி தூவும் இயந்திரங்கள் ஓடும் உறைகுளிர் இரவுகளில், படிகங்கள் தரையை ஒட்டியே மிதக்கின்றன. அங்குள்ள ஆர்வலர்கள் பிரகாசமான மின்விளக்கு ஒன்றை வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்க்கிறார்கள். வானத்தில் காணும் அதே வகை வட்டங்களும் வளைவுகளும் விளக்கைச் சுற்றி உருவாகின்றன. விளக்கை ஏற்றி இறக்கி, எந்தக் கோணத்தில் எந்த வளைவு வருகிறது என்று அவர்களால் சோதிக்கவும் முடிகிறது.