விடை மைனஸில் வந்தால் கணக்கு தப்பா?

வயதுக் கணக்கு ஒன்றில் விடை மைனஸில் வருகிறதே, எங்கே தப்பு என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தப்பே இல்லை.

முதலில் எல்லோரும் பள்ளியில் போட்ட வகை. அப்பாவுக்கு வயது 41, மகளுக்கு 13. எத்தனை ஆண்டு கழித்து அப்பாவின் வயது மகளுடையதைப் போல் இரண்டு மடங்காக இருக்கும்? தெரியாத அந்த ஆண்டுகளுக்கு எக்ஸ் என்று பேர் வைப்போம். 41 + எக்ஸ் = 2 × (13 + எக்ஸ்). பிரித்து எழுதினால் வலப்பக்கம் 26 + 2எக்ஸ். இரு பக்கமும் 26ஐயும் ஒரு எக்ஸையும் கழித்தால் எக்ஸ் = 15. அப்போது அவருக்கு 56, மகளுக்கு 28. சரி.

இதையே 50 வயது அம்மாவுக்கும் 30 வயது மகனுக்கும் போடுங்கள். 50 + எக்ஸ் = 60 + 2எக்ஸ். எக்ஸ் = −10. பலர் இந்த இடத்தில் அடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். அடிக்க வேண்டாம். எக்ஸ் என்பது 'எத்தனை ஆண்டு கழித்து'. அது −10 என்றால், 10 ஆண்டுக்கு முன்பு. அன்று அம்மாவுக்கு 40, மகனுக்கு 20. கச்சிதம்!

'இனிமேல்' என்ற எண்ணம் நம் மனதில்தான் இருந்தது; சமன்பாட்டில் அதை எழுதவே இல்லை. எழுதியது இரண்டு வயதுகளுக்கும் உள்ள உறவை மட்டும். இருவருக்கும் உள்ள 20 வயது வித்தியாசம் என்றைக்கும் மாறாது. மகனின் வயது அந்த வித்தியாசத்தைத் தொடும்போதுதான் அம்மாவின் வயது இரண்டு மடங்கு; வாழ்நாளில் ஒரே ஒரு முறை. அவன் 20ஐத் தாண்டிவிட்டதால் விடை பின்னால் போய் நிற்கிறது.

4எக்ஸ் + 20 = 4 போன்ற, விடை மைனஸில் (இங்கே −4) வரும் சமன்பாட்டைக் கிரேக்கக் கணித அறிஞர் டயோஃபாண்டஸ் அபத்தம் என்று ஒதுக்கினார். 628இல் இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தரோ குறை எண்ணை, அதாவது மைனஸ் எண்ணை, கடன் என்று எடுத்துக்கொண்டு, கடனைக் கடனால் பெருக்கினால் சொத்து என்பது வரை விதி எழுதிவிட்டார். இவ்வளவுக்குப் பிறகும் நம் பாடப்புத்தகங்களில் வயதுக் கணக்கு என்றாலே விடை மிகை எண்ணாக வரும்படி பார்த்துப் பார்த்து அமைப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்காக எல்லா மைனஸும் ஏற்கத்தக்கதல்ல. எக்ஸ் என்பது ஆட்களின் எண்ணிக்கையாக இருந்து −3 வந்தால், சமன்பாட்டைத் தப்பாக எழுதியிருக்கிறீர்கள், அல்லது கேள்வியில் கொடுத்த தகவல்களே ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அப்போது தாராளமாக அடிக்கலாம்.