புதுமுகக் குவார்ட்டர்பேக்கின் வளர்ச்சி: அணி மேலாண்மை விளையாட்டுகளுக்குள் நடக்கும் கணக்கு

அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணியின் தாக்குதல் ஆட்டம் ஏறக்குறைய முழுவதும் குவார்ட்டர்பேக் என்ற ஒரே வீரரின் கை வழியாகவே நடக்கிறது. பந்து தன் கைக்கு வந்த இரண்டரை, மூன்று வினாடிகளுக்குள் அவர் எதிரணியின் தடுப்பு அமைப்பைக் கணித்து, ஓடிக்கொண்டிருக்கும் சக வீரர்களில் யார் தனித்து நிற்கிறார் என்று கண்டு, அவரிடம் பந்தை எறிந்துவிட வேண்டும். கல்லூரி ஆட்டத்திலிருந்து வரும் இளைஞருக்கு இது கைவர ஆண்டுகள் பிடிக்கும்; சிலருக்குக் கைவருவதே இல்லை. அணியின் மேலாளர் நாற்காலியில் நம்மை அமர்த்தும் கணினி விளையாட்டுகளில், புதுமுகக் குவார்ட்டர்பேக் ஒருவரை வளர்த்தெடுப்பதைவிடக் கடினமான வேலை வேறில்லை. அதைவிடச் சுவையானதும் இல்லை. அந்த வளர்ச்சியை நிரல் எப்படிக் கணக்கிடுகிறது என்று பார்த்தால், மேலாளரின் கையில் எவ்வளவு இருக்கிறது என்பது தெளிவாகும்.

இத்தகைய விளையாட்டுகளில் வீரர் என்பவர் எண்களின் தொகுப்பு. உலாவியிலேயே ஆடக்கூடியதும், மூல நிரல் எல்லோரும் படிக்கும்படி திறந்து வைக்கப்பட்டிருப்பதுமான 'ஃபுட்பால் ஜிஎம்' விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதில் எறியும் வலிமை, எறியும் துல்லியம், நெருக்கடியிலும் களத்தைப் பார்க்கும் திறன், பந்தைப் பறிகொடுக்காத கவனம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்குள் ஒரு மதிப்பெண் உண்டு. இவற்றை வெவ்வேறு எடையில் கூட்டினால் வீரரின் ஒட்டுமொத்த மதிப்பெண் கிடைக்கிறது. குவார்ட்டர்பேக்குக்குக் களப் பார்வையும் துல்லியமும்தான் அதிக எடை பெறுகின்றன. கால் வேகத்துக்கு மிகச் சிறிய பங்கே உண்டு. வேகம் இளமையிலேயே உச்சம் தொட்டுச் சரியத் தொடங்கும் பண்பு, களப் பார்வையோ வயதோடு முதிரும் பண்பு. ஆகையால், மற்ற இடங்களில் ஆடுவோர் தளரத் தொடங்கும் வயதில்கூட குவார்ட்டர்பேக் மெருகேறிக்கொண்டிருப்பார்.

ஒட்டுமொத்த மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் 'எதிர்காலத் திறன்' என்று இன்னோர் எண் காட்டப்படும். புதிதாக ஆடுவோர் பலர் அதை அந்த வீரர் சென்றடையப்போகும் உயரமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது ஒரு மதிப்பீடு மட்டுமே. ஒரு வீரரின் எஞ்சிய வாழ்க்கையை நிரல் பலமுறை ஓட்டிப்பார்த்து, ஒவ்வொரு ஓட்டத்திலும் அவர் தொட்ட உச்சத்தின் சராசரியை எடுப்பது இதைக் கணிக்கும் வழிகளில் ஒன்று. சராசரி என்பதால் அந்த எண்ணை எட்டாமலே ஓய்வு பெறும் வீரர்களும் உண்டு, தாண்டிச் செல்வோரும் உண்டு.

இதற்கும் மேல், அணிக்காகத் திறமையாளர்களைத் தேடி மதிப்பிடும் ஸ்கவுட்டுகள் தரும் எண்களில் வேண்டுமென்றே சிறிது பிழை கலக்கப்படுகிறது. அணிகள் முறைவைத்துப் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டுக்கு வரும் கல்லூரி வீரர்களிடம் அந்தப் பிழை அதிகம். ஸ்கவுட்டுகளின் துறைக்குக் கூடுதல் பணம் ஒதுக்கினால் குறையும். இதன் விளைவு நுட்பமானது. பட்டியலில் இருக்கும் பலரில் மிக உயர்ந்த எண்ணைக் காட்டுபவரையே நாம் தேர்ந்தெடுக்கிறோம் என்றால், திறமையோடு சேர்த்து மேல்நோக்கிய பிழையையும் தேர்ந்தெடுக்கிறோம். எனவே டிராஃப்ட்டில் நம்மை மயக்கிய வீரர் அணிக்குள் வந்தபின் சற்று மங்கித் தெரிவது பெரும்பாலும் புள்ளியியலின் இயல்பே.

இனி வளர்ச்சிக்கு வருவோம். ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும், வயதுக்கேற்ற ஒரு சராசரி மாற்றத்தோடு ஒரு தற்செயல் எண்ணைக் கூட்டி, நிரல் வீரரின் மதிப்பெண்களைத் திருத்துகிறது. இளையவர்களுக்குத் தற்செயலின் வீச்சு அதிகம். இதன் பொருளை உணர ஓர் எளிய மாதிரியை நானே வைத்துக் கணக்கிட்டேன். நம் புதுமுகத்தின் மதிப்பெண் 52; ஆண்டுக்குச் சராசரி உயர்வு 2; தற்செயல் அலைவின் அளவைக் காட்டும் திட்ட விலக்கம் 5. மூன்று ஆண்டுகளில் சராசரி உயர்வு 6 ஆகும். திட்ட விலக்கமோ 5-ஐ மூன்றின் வர்க்கமூலத்தால் பெருக்க, ஏறத்தாழ 8.7. அப்படியானால் மூன்றாம் ஆண்டின் முடிவில் அவர் தொடங்கிய 52-க்கும் கீழே கிடப்பதற்கான வாய்ப்பு சுமார் 24 சதவீதம். நட்சத்திர ஆட்டக்காரருக்குரிய 70-ஐத் தொடும் வாய்ப்பு சுமார் 8 சதவீதம்தான்.

இப்போது நல்ல பயிற்சியாளர் ஒருவரை அமர்த்தி, ஆண்டுச் சராசரியை 2-லிருந்து 3 ஆக்குவோம். ஓராண்டின் தற்செயல் அலைவுக்குள் இந்த ஒரு புள்ளி கண்ணுக்கே தெரியாது. ஆனால் மூன்று ஆண்டுகளில் 70-ஐத் தொடும் வாய்ப்பு 8-லிருந்து 15 சதவீதமாக உயர்கிறது. சரிந்துபோகும் வாய்ப்பு 24-லிருந்து அதே 15 சதவீதத்துக்கு இறங்குகிறது. பயிற்சியாளரை மாற்றாமல், ஒருவருக்குப் பதிலாக ஒரே தரமுள்ள இரண்டு புதுமுகங்களை எடுத்தால், இருவரில் ஒருவராவது 70-ஐத் தொடும் வாய்ப்பு 16 சதவீதம். இரண்டையும் செய்தால் 28. இந்தக் கணக்கே எனக்கு மிகவும் பிடித்தமானது, ஏனெனில் மேலாளர் யாரையும் நேரடியாக வளர்ப்பதில்லை என்பதை இது அப்பட்டமாகக் காட்டுகிறது. அவர் செய்யக்கூடியதெல்லாம் சராசரியைச் சற்று நகர்த்துவதும் முயற்சிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதும்தான்.

'மேடன் என்எஃப்எல்' விளையாட்டுத் தொடரில், ஓர் அணியைப் பல பருவங்களுக்கு நடத்தும் ஃபிரான்சைஸ் முறை வேறு வழியில் செல்கிறது. அங்கே பயிற்சியிலும் ஆட்டத்திலும் ஈட்டும் அனுபவப் புள்ளிகளால்தான் திறன் உயர்கிறது. எவ்வளவு விரைவாக உயர்கிறது என்பதை வீரரின் 'வளர்ச்சிப் பண்பு' முடிவு செய்கிறது. சாதாரணம், ஸ்டார், சூப்பர்ஸ்டார், எக்ஸ்-ஃபேக்டர் என அது நான்கு படிகளில் அமைகிறது. இவற்றில் எக்ஸ்-ஃபேக்டர் 2019-இல் வெளிவந்த 'மேடன் என்எஃப்எல் 20'-இல் சேர்க்கப்பட்டது. புதுமுகங்களின் பண்பு தொடக்கத்தில் மறைந்தே இருக்கும். போதிய அளவு களத்தில் ஆடிய பிறகே தெரியவரும். இத்தகைய விளையாட்டில் புதுமுகத்தைப் பெஞ்சில் உட்காரவைத்தால் இரட்டை இழப்பு: புள்ளிகளும் சேராது, அவர் யார் என்றும் தெரியாது. நன்றாக ஆடுபவர் புள்ளி பெற்று மேலும் நன்றாக ஆடும் சுழற்சி இது.

அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தின் உண்மையான லீக்கான என்எஃப்எல்லின் வரலாறு இந்த இரு மாதிரிகளில் எதற்கும் முழுதாக இணங்குவதில்லை. பெய்டன் மேனிங் 1998-இல் முதல் ஆட்டத்திலிருந்தே களமிறக்கப்பட்டார்; அவர் எறிந்த பந்துகளில் 28-ஐ எதிரணியினர் இடைமறித்துப் பிடித்தனர். புதுமுகங்களில் அது இன்றும் சாதனை எண். அணி 16-இல் 3 ஆட்டங்களை மட்டுமே வென்றது. அடுத்த ஆண்டு 13 வெற்றிகள். இதற்கு நேர்மாறாக, 2005-இல் தேர்வான ஏரன் ராட்ஜர்ஸ் மூன்று பருவங்கள் பிரெட் ஃபார்வின் பின்னால் காத்திருந்தார். பேட்ரிக் மஹோம்ஸ் 2017 பருவத்தில் ஒரே ஓர் ஆட்டத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு, அணிக்குப் புள்ளி ஈட்டித்தந்த 50 டச்டவுன் பாஸ்களுடன் லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருதை வென்றார். 2002-இல் ஹூஸ்டன் அணி முதல் தேர்வாக எடுத்த டேவிட் கார், குவார்ட்டர்பேக்கைக் காக்க வேண்டிய வீரர்களின் பலவீனமான காப்பு வரிசைக்குப் பின்னால் ஆடி, அந்த ஒரு பருவத்திலேயே 76 முறை வீழ்த்தப்பட்டார். அவருடைய வளர்ச்சி தடைப்பட்டதற்கு அதுவே காரணம் என்று பலர் சொல்வார்கள். ஒரே ஒருவரை வைத்து அதை நிறுவ முடியாது என்றாலும், இந்த விளையாட்டுகளில் ஆட்டத்தின் முடிவைப் பாதிக்கும் அளவுக்குக் காப்பு வரிசை வளர்ச்சிச் சூத்திரத்தைப் பாதிப்பதில்லை என்பது பெரிய குறை என்றே நான் கருதுகிறேன்.

பயிற்சியாளரின் பங்கைப் பொறுத்தவரை ஜாரெட் காஃப் பொருத்தமான சான்று. 2016-இல் ராம்ஸ் அணிக்காக அவர் தொடங்கிய 7 ஆட்டங்களும் தோல்வி. 2017-இல் ஷான் மெக்வே தலைமைப் பயிற்சியாளராக வந்தபின், தொடங்கிய 15 ஆட்டங்களில் 11-ஐ வென்றார். அந்த ஓராண்டில் காஃப் மாறினாரா, அவரைச் சுற்றியிருந்த ஆட்டமுறை மாறியதா என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. விளையாட்டின் மதிப்பெண்ணோ எல்லாவற்றையும் வீரரின் உடலுக்குள்ளேயே வைத்துவிடுகிறது.

என்எஃப்எல்லில் டிராஃப்ட் வழி வரும் புதுமுகத்தின் ஒப்பந்தம் 4 ஆண்டுகளுக்கானது. முதல் சுற்றில் தேர்வானவருக்கு ஐந்தாம் ஆண்டையும் சேர்க்கலாமா என்பதை அணி மூன்றாம் பருவம் முடிந்ததும் முடிவுசெய்ய வேண்டும். இந்த விதியைப் பின்பற்றும் விளையாட்டில், 52-இல் தொடங்கியவர் இப்போது 58-இல் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுகளாக ஏறுமுகம், இன்னும் ஏறுவார் என்று தோன்றும். ஆண்டுதோறும் புதிய தற்செயல் எண் எடுக்கும் நிரலில் அந்த ஏறுமுகத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. அவரும், நேற்றுவரை 64-இல் இருந்து 58-க்கு இறங்கிய அதே வயதுக்காரரும், மற்ற விவரங்கள் ஒன்றாக இருந்தால், ஒரே எதிர்காலம் உடையவர்கள். அனுபவப் புள்ளிகளால் இயங்கும் விளையாட்டில் அப்படியன்று: வேகமான ஏறுமுகம் அவருடைய வளர்ச்சிப் பண்பையே காட்டுகிறது, அந்தப் பண்பு அடுத்த ஆண்டும் அவரோடு இருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம். ஆகவே ஒப்பந்தத்தை நீட்டிப்பதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி வீரரைப் பற்றியதன்று; நாம் ஆடும் நிரல் இந்த இரண்டில் எந்த வகை என்பதே.