வாத்துக் குரலும் கேரியரோட மௌனமும்: ஏஎம் ஹாம்களோட பேசப் போறவங்களுக்கு

காலேஜ் படிக்கிற தம்பி ஒருத்தர் போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். நெதர்லாந்துல ட்வென்டே யுனிவர்சிட்டி ஆளுங்க வெச்சிருக்கிற வெப்எஸ்டிஆரை, அதாவது இன்டர்நெட் வழியா யாரும் திருகிக் கேக்கக்கூடிய ரேடியோ ரிசீவரை, போன்லயே திறந்து ராத்திரி 80 மீட்டர் பேண்ட்ல சுத்திட்டிருந்தாராம். ஹாம்கள், அதாவது லைசென்ஸ் வாங்கி பொழுதுபோக்கா ரேடியோவுல பேசுறவங்க, புழங்குற எடம் அது. எல்லாருமே வாத்து கத்துற மாதிரி பேசுறாங்க, மெதுவா திருகித் திருகி சரி பண்ணினாதான் மனுஷக் குரல் ஆகுது, ஆனா ஒரே ஒரு எடத்துல மட்டும் ஏஎம்னு மாத்தினதும் நம்ம பழைய மீடியம் வேவ் அறிவிப்பாளர் மாதிரி கனமா ஒரு பெரியவர் குரல். "அது மட்டும் ஏன்ணா அப்படி, அந்தக் கூட்டத்துல நானும் சேரலாமா?"

சேரலாம் தம்பி. ஆனா முதல்ல அந்த வாத்துக்கு பதில் சொல்லிடுறேன், ஏன்னா சேர்றதுக்கான காரணமே அதுலதான் இருக்கு.

ஏஎம்னா ஆம்ப்ளிட்யூட் மாடுலேஷன், ப்ளஸ் டூவுல படிச்சதுதான். கேரியர்னு ஒரு அலை, நம்ம குரலுக்குத் தக்க அதோட உயரம் கூடிக் குறையுது, அதுக்கு ரெண்டு பக்கமும் குரலைச் சுமக்கிற சைட்பேண்ட்னு பக்க அலைகள் முளைக்குது. கேரியர் 100 வாட், மாடுலேஷன் முழுசா 100 சதவீதம்னா ஒவ்வொரு சைட்பேண்ட்லயும் 25 வாட். ரெண்டுலயும் ஒரே சேதிதான். கேரியர்ல சேதியே இல்ல. ஆக மொத்தம் 150 வாட் செலவு பண்ணி 25 வாட்ல முடியற வேலையைச் செய்யறோம். இதைப் பார்த்துதான் 1915-லயே அமெரிக்க எஞ்சினியர் ஜான் கார்சன், ஒரு சைட்பேண்ட் மட்டும் போதும், மிச்சத்தை அனுப்பவே வேண்டாம்னு வழி சொன்னார். அதுதான் எஸ்எஸ்பி, சிங்கிள் சைட்பேண்ட். இன்னிக்கு ஹாம் பேண்ட்ல குரல்ல பேசுறவங்க பெரும்பாலும் அதுலதான் பேசுறாங்க.

ஆனா கேரியரை வெட்டிட்டா, ரிசீவர்ல நாமளே ஒரு கேரியரை உண்டாக்கிச் சேர்த்தாகணும். அது 100 ஹெர்ட்ஸ் தள்ளிப் போச்சுன்னு வைங்க, குரல்ல இருந்த 200, 400, 600 எல்லாம் 300, 500, 700 ஆயிடும். முன்னாடி எல்லாமே 200-ஓட மடங்கு, இப்ப எதுவும் எதோடவும் ஒட்டல. மனுஷக் குரலுக்குள்ள இருக்கிற அந்தச் சொந்தம் அறுந்துடுது, அதுதான் வாத்து. ஏஎம்ல இந்தப் பிரச்சனையே கிடையாது, ஏன்னா பூட்டோட சாவியும் சேர்ந்தே வருது. வீணாப் போகுதுன்னு திட்டுற அந்தக் கேரியர்தான் சாவி.

அந்தச் சாவியைத் திருகுறதுக்கு எவ்ளோ கொஞ்சம் சாமான் போதும்ங்கறதுதான் எனக்கு எத்தனை வருஷமானாலும் அலுக்காத விஷயம். ஒரு டயோடு, ஒரு கெபாசிட்டர், ஒரு ரெசிஸ்டர், அவ்ளோதான். அலையை அப்படியே இயர்ஃபோன்ல விட்டா ஒண்ணும் கேக்காது, மேல எவ்ளோ தள்ளுதோ கீழயும் அவ்ளோ இழுக்குது, கூட்டினா பூஜ்யம். டயோடு கீழ்ப்பாதியை வெட்டிடும். மேல்பாதியோட ஒவ்வொரு உச்சிக்கும் கெபாசிட்டர் நிரம்புது, அடுத்த உச்சி வர்றதுக்குள்ள ரெசிஸ்டர் வழியா கொஞ்சம் கசியுது. அடியில சின்ன ஓட்டை இருக்கிற குடத்துல மேலேர்ந்து செம்பு செம்பா தண்ணி ஊத்துற மாதிரிதான், செம்பு பெருசானா மட்டம் ஏறும், சிறுசானா இறங்கும், அந்த மட்டத்தோட ஏத்த இறக்கம்தான் நமக்குக் கேக்குற குரல். 10 நானோஃபாரட், 4.7 கிலோஓம் போட்டா கசியுற நேரம் 47 மைக்ரோசெகண்ட். வந்த சிக்னலை ரிசீவர் உள்ளுக்குள்ள மாத்தி வெச்சுக்கிற 455 கிலோஹெர்ட்ஸ் அலையோட ஒரு சுத்துக்கு சுமார் 2.2 மைக்ரோசெகண்ட், குரல்ல 3000 ஹெர்ட்ஸோட ஒரு சுத்துக்கு 333. இந்த ரெண்டுக்கும் நடுவுல நம்ம 47 கச்சிதமா உக்காருது பாருங்க! ரொம்பக் குறைச்சா கேரியரோட நடுக்கம் ஒட்டிக்கும், ரொம்பக் கூட்டினா குரல் இறங்குற வேகத்துக்கு மட்டம் இறங்காம பேச்சு கரகரக்கும்.

நான் முதல்ல பண்ணினது ஓஏ79 ஜெர்மானியம் டயோடுல, திருச்சியில மொட்டை மாடியில கம்பி கட்டி. பேட்டரி இல்ல, கரண்ட் இல்ல, திருச்சி வானொலியோட 936 கிலோஹெர்ட்ஸ் நாதஸ்வரம் காதுக்குள்ள சன்னமா வந்துச்சு, இயர்ஃபோனை அசைச்ச சக்தியே அந்த அலையிலேர்ந்து வந்ததுதான்னு புரிஞ்ச அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரல. இதே வேலையை கலீனாங்கற ஈயக் கல்லை வெச்சு செய்யலாம்னு நம்ம ஜகதீஷ் சந்திர போஸ் 1901-ல அமெரிக்காவுல பேட்டன்டுக்குக் கேட்டு 1904-ல வாங்கினார். இத்தனை இருக்க, நம்ம பள்ளிக்கூடங்கள்ல ஆயிரக்கணக்குல காசு போட்டு ரெடிமேட் கிட்டா வாங்கி பீரோவுல பூட்டி வெக்கிறாங்க, ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு டயோடு குடுக்க அந்தக் காசுல ஒரு துளி போதும். இன்னொரு பக்கம் யூட்யூப்ல ஆவி பேசுற பெட்டின்னு ஒண்ணைக் காட்டுறாங்க. அது நிக்காம ஸ்டேஷன் ஸ்டேஷனா தாவிட்டே இருக்கிற ரேடியோ, அங்கங்க சிக்குற அரை வார்த்தையை செத்துப் போன அப்பா குரல்னு அழற ஜனங்ககிட்ட காட்டுறாங்க. எனக்கு அதைப் பாக்கவே பொறுக்கல.

சரி, கூட்டத்துல சேர்றது. அமெரிக்காவுல ஏஎம் ஹாம்கள் 3.885 மெகாஹெர்ட்ஸ்ல கூடுறாங்க, பிரிட்டன்ல பழைய ரேடியோ செட் வெச்சிருக்கிறவங்க 3.615-ல. டிரான்சிஸ்டருக்கு முந்தின கண்ணாடிக் குழாய் வால்வு போட்ட டிரான்ஸ்மிட்டரைத் தூசி தட்டி ஓட்டுறவங்க நிறைய. அதுல மாடுலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர்னு ஒண்ணு கனமா உக்காந்திருக்கும், பேசுறவரோட குரல் வால்வுக்குப் போற வோல்டேஜையே தூக்கி இறக்கும், பக்கத்துல காதை வெச்சா அந்த இரும்புத் தகடுகளே அவர் பேசுறதைச் சன்னமா திருப்பிச் சொல்லும். நம்ம ஊருக்கும் இது புதுசில்ல, மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்னு ஆர்வலர்கள் சேர்ந்து 1924 ஜூலை 31-ல 40 வாட் டிரான்ஸ்மிட்டர்ல ஒலிபரப்பு ஆரம்பிச்சாங்க. ஆல் இந்தியா ரேடியோ மெட்ராஸுக்கு வந்தது 1938-ல. காசில்லாம 1927-ல கிளப் நின்னு போச்சு, அது இன்னிக்கும் எனக்கு வருத்தம்தான்.

நீங்க பேசணும்னா ஏஎஸ்ஓசிங்கற ஹாம் லைசென்ஸ் பரீட்சை எழுதணும், 12 வயசு ஆனா போதும், ரேடியோ தியரியும் விதிமுறைகளும்தான் கேப்பாங்க. அதுல முதல் படியான ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் தந்தி வேண்டாம், கால்சைன், அதாவது ரேடியோவுல உங்க அடையாளப் பேர், வியூ3-ல ஆரம்பிக்கும். 40 மீட்டர் பேண்ட்ல நமக்கு 7.0-லேர்ந்து 7.2 மெகாஹெர்ட்ஸ் வரைதான். எஸ்எஸ்பி 3 கிலோஹெர்ட்ஸ்ல அடங்குற எடத்துல ஏஎம் 6 புடிக்கும், அதனால ஞாயித்துக்கிழமை காலையில நெரிசல்ல போய் கேரியர் போடாதீங்க, காலியான நேரம் பாருங்க.

அதுக்கு முன்னாடி ஒரு மாசம் சும்மா கேளுங்க. கவனிச்சா ஒண்ணு புரியும், ஒருத்தர் கேரியர் போட்டதும் இன்னும் வாயே திறக்கல, அதுக்குள்ள இரைச்சல் எல்லாம் அமுங்கிடும். பலமான கேரியர் வந்ததும் ரிசீவர் தன் காதைத் தானே குறைச்சுக்குது, அதான் அந்த மௌனம். நடுவுல அவர் யோசிச்சாலும் அது இருக்கும். முடிச்சு சுவிட்சை விட்டதும் இரைச்சல் குபுக்குன்னு திரும்ப வரும். ரெண்டு பேர் ஒரே நேரத்துல கேரியர் போட்டா ரெண்டும் உரசி விசில் அடிக்கும், உடனே தெரிஞ்சுடும். விமானங்கள் 118-லேர்ந்து 137 மெகாஹெர்ட்ஸ் வரை இன்னும் ஏஎம்லயே பேசுறதுக்கு இதுவும் ஒரு காரணம், எஃப்எம்மா இருந்தா பலமானது மெலிசை முழுங்கிடும், இன்னொரு பைலட் கூப்பிட்டதே யாருக்கும் தெரியாது.

அதனால முதல் தடவை பேசும்போது அவசரம் வேண்டாம். அவர் கேரியர் விழுந்து இரைச்சல் எழும்பட்டும், மனசுக்குள்ள ரெண்டு எண்ணுங்க, வேற யாரும் வரலன்னா சுவிட்சை அழுத்தி உங்க கால்சைனை நிதானமா சொல்லுங்க.