கல்லடி மணலில் ஒரு சாண் டோசர்

என் மேசையில் ஒரு மஞ்சள் டோசர் நிற்கிறது. ஒரு சாண் நீளம்கூட இல்லை. 1940களில் ஓடிய யந்திரத்தை 50 மடங்கு சுருக்கி வார்த்த மாதிரி. பின்பக்கம் ஒரு வின்ச், அதாவது வடத்தைச் சுற்றி இழுக்கும் உருளை. அதிலிருந்து ஒரு கறுப்பு நூல் எஞ்சினுக்கு மேலால் முன்னுக்கு வந்து, கப்பிகளில் சுற்றி, மண்ணை வெட்டித் தள்ளும் பிளேட்டைப் பிடித்திருக்கிறது. அந்த நூலுக்காகத்தான் இதை வாங்கினேன்.

இன்றைய டோசர்களில் பிளேட்டை அசைப்பது ஹைட்ரோலிக். எண்ணெயின் அமுக்கம் பிளேட்டைத் தூக்கும், மண்ணுக்குள் அழுத்தவும் செய்யும். அதற்கு முன்னால் கம்பிவடம்தான். 1949இல் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் தொடங்கி, மொரிசன் நட்சன் என்ற அமெரிக்க நிறுவனம் இங்கினியாகலையில் அணை கட்டிய காலத்திலும் உலகில் கம்பிவட டோசர்கள் நிறைய ஓடின. கம்பிவடத்தால் இழுக்கலாம், தள்ள முடியாது. வின்ச்சைச் சுற்றினால் பிளேட் மேலே வரும், விட்டால் தன் பாரத்தில் விழும். காய்ந்து இறுகிய களிமண்ணில் அந்தப் பாரம் போதாது. பிளேட் வெட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும்.

இதை மாதிரியில் பார்க்கலாம் என்று நூலைத் தளர்த்தினேன். பிளேட் விழவில்லை. அந்தரத்திலேயே நின்றது. விரலால் தட்டியபோதுதான் இறங்கியது.

பழுது ஒன்றும் இல்லை, கணக்குத்தான். நீளம் 50 மடங்கு குறைந்தால் பரப்பளவு 2,500 மடங்கு குறையும், கனவளவு 125,000 மடங்கு குறையும். நிறை போவது கனவளவோடு. 2 தொன் பிளேட் என்று வைத்தால் மாதிரியில் அது 16 கிராம். ஆனால் நூலின் விறைப்பும் பிளேட் திரும்பும் ஆணியில் பெயின்ட் ஒட்டிப் பிடிப்பதும் ஏறக்குறைய பரப்பளவோடுதான் குறைகின்றன. நிறையோடு ஒப்பிட்டால் அவை 50 மடங்கு பலம் பெற்றுவிட்டன. பெரிய விலங்குக்கு எலும்பு ஏன் உடம்பின் விகிதத்தையும் மீறித் தடிப்பாக வேண்டும் என்று 1638இல் கலிலியோ விளக்கியதும் இதே கணக்கால்தான்.

அப்புறம் ஒரு நாள் பின்னேரம் அதை மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரைக்குக் கொண்டுபோனேன். அலை நனைத்துவிட்டுப் போன மணலில் வைத்து மெல்லத் தள்ளினேன். செயின் தடம் விழவே இல்லை என்றுதான் சொல்லவேண்டும். பக்கத்தில் என் காலடி ஆழமாகப் பதிந்திருந்தது. 20 தொன் டோசரின் இரண்டு செயினும் 25,000 சதுர சென்ரிமீற்றரில் மண்ணைத் தொட்டால், ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு வருவது 0.8 கிலோ. நடக்கும்போது நாம் ஒற்றைக் காலில் கொடுப்பதே அதில் பாதி வரும். அவ்வளவு பெரிய யந்திரம் சேற்றில் புதையாமல் போவதன் ரகசியம் அந்த அகலச் செயின்தான். அதே டோசரை அப்படியே சுருக்கினால் 160 கிராம், சதுர சென்ரிமீற்றருக்கு வெறும் 16 கிராம்.

என்னிடம் உள்ளது தராசில் 400 கிராமைத் தாண்டுகிறது. காரணம் வார்ப்பு. 20 மில்லிமீற்றர் உருக்குத் தகட்டைச் சுருக்கினால் 0.4 மில்லிமீற்றர். உருகிய உலோகத்தை அச்சுக்குள் அடிக்கும்போது அவ்வளவு மெல்லிய இடுக்கில் அது ஓடி நிரம்புவது கஷ்டம். அதனால் சுவர்களைத் தடிப்பாகவே விடுகிறார்கள். அந்த உலோகம் பெரும்பாலும் நாகம் (சிங்க்), அதோடு சுமார் 4 வீதம் அலுமினியம்.

எனக்குக் கவலை தருவதும் அந்த உலோகம்தான். வார்க்கும்போது துளி ஈயம் கூடக் கலந்துவிட்டால், உலோக மணிகளுக்கு இடையிலான எல்லைகளில் அரிப்பு தொடங்கி, பொருள் உள்ளிருந்தே வீங்கி வெடிக்கும். சேகரிப்பவர்கள் இதை சிங்க் பெஸ்ட் என்கிறார்கள். பழைய வார்ப்புகள் பல இப்படித்தான் தூளாகிப் போயின. தொடங்கிவிட்டால் மருந்து இல்லை. சூடும் ஈரப்பதனும் அதை வேகப்படுத்தும். வாவியும் கடலும் சூழ்ந்த எங்கள் ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. அதனால் கண்ணாடிப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொதிகளோடு வைத்திருக்கிறேன். மாரி தொடங்கினால் வாரம் ஒருமுறை எடுத்து, மூலைகளில் மயிரிழை வெடிப்போ பெயின்டுக்குக் கீழே கொப்புளமோ இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பேன். இதுவரை ஒன்றும் இல்லை.